சிவ கோத்திரத்து மின்சாரம்

கொன்றைவாசலில் மின்விசிறிகள் மீன் வாசம் அடிக்கத் தொடங்கியது சுதந்திர தினத்துக் கிராமசபை முடிந்த அன்று பிற்பகலில்தான் என்பதில் ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. ஏன் தொடங்கியது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து, அதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது.

ஊருக்குக் கிழக்கே, நெல் வயல்களுக்கு நடுவில், எரிவாயு மின் நிலையம் ஒன்று பல வருஷமாக ரீங்காரமிட்டுக்கொண்டு நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதை கேஸ் கம்பெனி என்பார்கள். சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது என்று தெரியும், எப்படி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை, மாமியார் வீட்டுச் சோற்றை எப்படி வடித்தார்கள் என்று எந்த மருமகன் கேட்டிருக்கிறான்? அந்த வருஷம் கிராமசபைக்கு விருந்தாளியாக வந்திருந்த புது இன்ஜினியர் அமலி மேடத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டவர் குஞ்சிதபாதம். கடைத்தெருவில் அம்பலவாணர் சைவ உணவகம் நடத்துகிறவர். கிராமசபையில் கடைசியாக எழுந்து ஒரு கேள்வி கேட்பது அவர் வழக்கம். பதில் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும், கூட்டம் நேராகக் கடைக்கு வரும்.

அமலி மேடம் தூத்துக்குடிக்காரி, கடற்கரைக் குடும்பம். கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லிவிடும் சுபாவம்.

"பூமிக்குள்ளருந்து வாற கேஸை, காத்தோட சேத்து அழுத்தி எரிக்கோம் அண்ணாச்சி. அந்தச் சூட்டு வேகத்துல ஒரு பெரிய சக்கரம் சுத்தும். சக்கரத்தோட சேந்து காந்தம் சுத்தும், காந்தம் சுத்துனா கம்பில கரண்ட் வரும். வெளிய போற புகையிலயும் சூடு கெடக்குமே, அத வீணாக்காம தண்ணியக் காச்சி, அந்த நீராவில இன்னொரு சக்கரத்தையும் சுத்த விடுதோம்."

"சோறு வடிச்ச அடுப்புத் தணல்ல குளிக்க வெந்நி போட்டுக்கறாப்புலயா?"

"அதேதான்."

அதோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "அந்த கேஸு பூமிக்குள்ள எப்புடிங்க போச்சு?" என்று கேட்டார்.

"இந்த இடமெல்லாம் ஒரு காலத்துல கடலு. அதுல கண்ணுக்கே தெரியாத சின்னச்சின்ன உயிருக, புழு, பூச்சி, மீனுக்கெல்லாம் பாட்டன் முப்பாட்டன், செத்துச் செத்து அடில படிஞ்சு, மேல மண்ணு மூடி, கோடி வருசமா அவிஞ்சு கேஸா ஆயிட்டு. அதைத்தான் எரிக்கோம்."

கூட்டம் சிரித்தது, கைதட்டியது, மிட்டாய் வாங்கிக்கொண்டு கலைந்தது. குஞ்சிதபாதம் கடைக்கு வந்தார், இலை போட்டார், விசிறியைப் போட்டார். விசிறி மூன்று சுற்று சுற்றியதும் நெத்திலி வறுத்த வாசம் கூடம் முழுக்க இறங்கியது. சாம்பாரில் கை வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

அத்தனை வருஷம் தங்களை யாரென்று யாரும் சொல்லாததால் பேசாமல் இருந்த அந்தக் கடல் உயிர்கள், பெயர் சொன்னதும் திரும்பிப் பார்த்துவிட்டன, அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. விசிறியில் நெத்திலி, மிக்சியில் இறால், கிரைண்டரில் நண்டு, இஸ்திரிப் பெட்டியில் கருவாடு. குழல்விளக்கு ஒன்றும் செய்யவில்லை, அதன் கீழே ரொம்ப நேரம் உட்கார்ந்தால் உதடு லேசாக உப்புக் கரித்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வாசம் பொங்கியது, அஷ்டமி நவமியில் வற்றியது. ஊர்ப் பூனைகள் எலி பிடிப்பதை விட்டுவிட்டு விசிறிக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்து, மேலே பார்த்தபடியே தலையைச் சுற்றிச் சுற்றி, மயங்கி விழுந்து, எழுந்து மறுபடியும் உட்கார்ந்தன.

மனிதர்கள் பூனைகளைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர் கொடுத்து, பிறகு "நீங்க சைவமா, ஃபேன் போடலாமா?" என்று கேட்பது மரியாதை ஆனது. கிருத்திகை, வெள்ளிக்கிழமை, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பாதி ஊர் மெயினை அணைத்துவிட்டுப் பனையோலை விசிறியோடு வாசலில் உட்கார்ந்தது. கருவாட்டு வாசச் சட்டையோடு பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையை வேதாரண்யம் பக்கத்து மீனவக் குடும்பம் ஒன்று பார்த்த மாத்திரத்தில் ஒப்புக்கொண்டது. மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கரண்டுக்கு வாசம் இருக்க விதியில் இடமில்லை என்று ஆரம்பித்தவர், மோந்து பார்த்தார், பசிக்கிறது என்றார், குஞ்சிதபாதம் கடையில் விசிறிக்கு அடியில் இடம் பார்த்து ரசம் சாதம் சாப்பிட்டு, விரலைச் சப்பிக்கொண்டு போனவர் திரும்பி வரவேயில்லை.

குஞ்சிதபாதத்தின் கடைக்குத்தான் யோகம் அடித்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மீன் வாங்கக்கூட வழியில்லாத நடவாட்களும் செங்கல் சூளைக்காரர்களும் வரிசையில் நின்று தயிர்சாதம் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு வஞ்சிரமாகச் சாப்பிட்டார்கள். "அண்ணே, அந்த ரெண்டாவது ஃபேனை இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க" என்று கேட்டார்கள். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து வெங்காயத்தையே யோசித்து வாங்கிய குடும்பம். குஞ்சிதபாதம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறினார்.

"நீங்க மீனை உள்ள வுடலீங்களே, அதுவா வருது. அதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் அவர் மனைவி கோகிலாம்பாள். இப்போதெல்லாம் அவள் மத்தியானத் தூக்கத்துக்கு விசிறிக்கு அடியில்தான் பாய் போடுகிறாள்.

கடையைப் பற்றிய கவலையாக மட்டும் இருந்திருந்தால் துண்டோடு போயிருக்கும். ஆனால் ஐப்பசி வந்துகொண்டிருந்தது. ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கொன்றைவாசல் சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். லிங்கத்தை முழுக்கச் சோற்றால் மூடி அலங்காரம் செய்வார்கள். அந்தச் சோற்றை வடித்து ஆற்றிக் கொடுக்கும் கட்டளை குஞ்சிதபாதத்தின் குடும்பத்துக்கு. வேறு நிலம் நீச்சு கிடையாது, பட்டம் பதவி கிடையாது, வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம் அண்டாவைத் தொட்டுக் கும்பிட்டு "எங்க சோறு" என்று நிற்கிறாரே, அதுதான் அவர் சொத்து. உச்சிக்காலப் பூஜை முடிந்த பிறகுதான் உலை வைக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் ஆற வேண்டும், சுவாமிக்குச் சுடக்கூடாது. அடைமழைக் காலத்துப் புழுக்கத்தில் மூட்டை அரிசிச் சோறு தானாக ஆறாது. மண்டபத்தில் பாய் விரித்து, சோற்றைப் பரப்பி, நாலு பக்கமும் பெரிய விசிறிகளை வைத்துத்தான் ஆற்றுவது வழக்கம்.

தர்மகர்த்தா மெய்கண்டநாதன் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஆடிக் கடைசியிலிருந்தே வீட்டு மெயினை அணைத்துவிட்டு, வேர்வையில் ஊறி, யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"குஞ்சிதபாதம், ஒமக்கும் எனக்கும் பகை இல்ல. ஆனா சாமி மேல சாத்துற சோத்துல ஒரு பருக்கை மீன் நாத்தம் அடிச்சாலும் கட்டளை ஒம்ம குடும்பத்துக்கு இல்ல. சோறு வடிச்சுக் குடுக்க மாயவரத்துல ஒரு ஆளுகிட்ட பேசிட்டேன். அவுங்க ஊரு கரண்டு நல்ல கரண்டு."

குஞ்சிதபாதம் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராகக் கேஸ் கம்பெனிக்குப் போனார்.

"மேடம், எங்களுக்குச் சைவ கரண்ட் வேணும்."

அமலி மேடம் சிரிக்கவில்லை. யோசித்தார். "நெய்வேலிக் கரண்ட் சைவம் அண்ணாச்சி. அது பழைய காட்டு மரம், செடி கொடி பூமிக்குள்ள அமுங்குன கரி. காத்தாலைக் கரண்ட் அதுக்கும் மேல, ஒண்ணுமே திங்காது. ஆனா எல்லாம் ஒரே கம்பிலதான ஓடுது, பிரிக்க முடியாதுல்லா. கிட்டக்க இருக்கவனுக்குக் கிட்டக்க உள்ளது மொதல்ல வந்து சேரும். நீங்க எங்க மதிலை ஒட்டி இருக்கீங்க."

"அன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் மெஷினை நிறுத்தினா?"

"நின்னா நெய்வேலி வரும், உங்க சோறும் ஆறும். ஆனா நிறுத்துறது என் கையில இல்ல. யாரு எவ்வளவு ஓட்டணும்னு சென்னையிலருந்து சொல்லுவாங்க. கேட்டுப் பாக்கேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கு இந்த வாசம் புடிச்சிருக்கு அண்ணாச்சி. வீட்டுக்குப் போயி ஃபேனைப் போட்டா எங்கம்மா அடுப்படில நிக்க மாதிரி இருக்கு. அதனால கேக்காம இருந்துருவேன்னு நெனைக்காதீங்க, கேக்கேன்" என்றார்.

சென்னை முடியாது என்றது. அதற்குள் காற்றாலைப் பருவம் முடிந்துவிடுமாம், ஒரு மெஷினையும் விடுவதற்கில்லையாம்.

அப்போதுதான் பாலசந்திர குருக்கள் ஒரு வழி சொன்னார். ஊரில் சுபத்துக்கும் அசுபத்துக்கும் அவர்தான். "செத்தவா யாருக்கும் யாரும் எள்ளும் தண்ணியும் விடலை. அதான் சுத்திண்டிருக்கா. மகாளய அமாவாசை வரது. திதி தெரியாதவாளுக்கெல்லாம் அன்னிக்குக் குடுக்கலாம்."

யார் கொடுப்பது என்று பேச்சு வந்தது. சொத்தை அனுபவிக்கிறவன்தான் கொடுக்க வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை; மின் இணைப்பு உள்ளவர்கள் எல்லோரும் அனுபவிக்கிறவர்கள்தான். ஆகவே புரட்டாசி அமாவாசையன்று கொன்றைவாசல் ஆண்கள் அத்தனை பேரும் கோயில் குளக்கரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள், முன்னால் குஞ்சிதபாதம்.

"இறந்தவா பேரு?" என்றார் குருக்கள்.

படித்துறையின் மேல்படியில் நின்ற அமலி மேடத்தை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, உங்க முறை எனக்குத் தெரியாது. ஆனா பேரு கெடையாது சாமி. கோடிகோடியா இருக்கும்" என்றார் அவர்.

"கோத்திரம்?"

குளக்கரையே யோசித்தது. மூத்தவர்கள் இளையவர்களைப் பார்த்தார்கள்.

"கோத்திரம் தெரியாதவாளுக்குச் சிவ கோத்திரம்னு சொல்றது வழக்கம். அப்படியே சொல்லிடறேன்" என்று குருக்கள் முடிவு கட்டினார். சிவ கோத்திரத்தில் பிறந்து, கடலில் வாழ்ந்து, மண்ணில் அவிந்த, பெயர் தெரியாத கோடிகோடிப் பேருக்கு ஊரே எள்ளும் தண்ணீரும் விட்டது. ஆளுக்கு ஆள் தன் தகப்பனுக்கு விடுவதைப்போலவே நிதானமாக விட்டார்கள். குஞ்சிதபாதம் இன்னொரு கை எள்ளை அள்ளிக் கூடவே விட்டார். ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து விசிறியைப் போட்டார்கள். வாசம் போகவில்லை. அதுவரை வறுவல் மட்டும் அடித்த விசிறியில் அன்றிலிருந்து குழம்பும் சேர்ந்துகொண்டது. கவனிப்பாரில்லாமல் வாசலில் நின்றவர்களை உள்ளே கூப்பிட்டு இலை போட்டால் அவர்கள் எழுந்து போவார்களா என்ன?

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. காலையிலிருந்து மழை தூறிக்கொண்டேயிருந்தது. உச்சிக்காலம் முடிந்து உலை வைத்து, வடித்து, மண்டபத்தில் பாய்பாயாகப் பரப்பியாயிற்று. விசிறி போடக்கூடாது என்று மெய்கண்டநாதன் தூண் ஓரம் காவல் நின்றார். மழையில் நனைந்த ஜலதோஷம், தும்மிக்கொண்டே நின்றார். கோகிலாம்பாள் தலைமையில் பெண்களும் ஆண்களும் சுற்றி உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறினார்கள். கை மாற்றி விசிறினார்கள். சோற்றிலிருந்து ஆவி போனபாடில்லை. போன ஆவியும் மண்டபத்தை விட்டு வெளியேறாமல் விசிறியவர்கள் தலைமேலேயே நின்றது. குருக்கள் வந்து ஒரு பாயில் விரலை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார். இன்னொரு பாயில் வைத்தார், எடுத்தார்.

"இதைச் சாத்த முடியாது. பொழுது சாஞ்சிண்டிருக்கு" என்றார்.

ஆறாவிட்டாலும் கட்டளை போய்விடும், விசிறியைப் போட்டாலும் போய்விடும். குஞ்சிதபாதம் சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா நின்ற இடம் அது. அப்பா ஒவ்வொரு வருஷமும் அன்னாபிஷேகம் முடிந்ததும், லிங்கத்தின் மேலிருந்து எடுத்த சோற்றை ஒரு குடத்தில் நிரப்பி, சிறுவயதில் அவரையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போவார். பக்கத்தில் குவித்த சோறு ஜனங்களுக்குப் பிரசாதம். சுவாமியின் மேல் பட்டது மனிதர்களுக்குக் கிடையாது, அதைக் குளத்தில் கரைத்துவிட வேண்டும். தண்ணீர் கொதிப்பதைப்போல மீன்கள் வந்து மொய்க்கும்.

"ஐயா," என்றார் மெய்கண்டநாதனிடம். "சாமி மேல சாத்துற சோறு கடைசில எங்க போவுது?"

"கொளத்துக்கு. இது என்ன கேள்வி?"

"கொளத்துல யாரு திங்கிறா?"

மெய்கண்டநாதன் தும்மினார்.

"எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் மீனுக்குத்தாங்க சோறு வடிச்சிருக்கான். எனக்கு இப்பதான் ஒறைக்குது. தின்னப்போறவன் ஒரு நாழி முன்னாடி வந்து பந்திய எட்டிப் பாத்தா அது குத்தமா? அதுவும் சிவ கோத்திரம்னு நாமளே குளக்கரைல உக்காந்து சொல்லியிருக்கோம். சாமிக்குச் சொந்தக்காரங்களை சாமி வீட்டு விசேஷத்துக்கு வராதேன்னு சொல்ல நீங்க யாரு, நான் யாரு? கட்டளை போனா போவட்டும். ஃபேனைப் போடுங்கடா."

நாலு விசிறிகளும் சுழன்றன. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது. முதலில் வந்த காற்றில் ஒன்றுமில்லை. அடுத்து வந்ததிலும் ஒன்றுமில்லை. ஈரமான, சுத்தமான, விடிகாலைக் கடற்கரைக் காற்றுதான் வந்தது. நெத்திலி இல்லை, குழம்பு இல்லை. சோற்றின் மேலிருந்த ஆவி ஒரேயடியாக எழுந்து மண்டபத்தை விட்டு வெளியே போனது.

மெய்கண்டநாதன் நம்பவில்லை. ஒவ்வொரு விசிறியின் முன்பும் நின்று மூக்கை நீட்டினார், அடைத்துக்கொண்ட மூக்கு அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. "பூனையக் கொண்டாங்கடா" என்றார். மடப்பள்ளிப் பூனையைத் தூக்கி வந்து விசிறிக்கு முன்னால் விட்டார்கள். அது தலையைத் தூக்கிப் பார்த்தது, காற்றை மோந்தது, சோற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த வீட்டில் இன்று ஒன்றும் தேறாது என்கிற முகத்தோடு வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. தூணில் சாய்ந்திருந்த ஒரு கிழவர், "வெரதம் இருக்குதுவ" என்றார்.

மெய்கண்டநாதன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் அரிசியைக் கொஞ்சம் கூடவே போடும். வர்றவங்க ஜாஸ்தி" என்றார். குஞ்சிதபாதம் அண்டாவைத் தொட்டுக் கும்பிட்டார். அழுதார், மறைக்கவும் இல்லை. பொழுது சாய்வதற்குள் சோறு ஆறி, சுவாமி வெள்ளை வெளேரென்று நின்றார். மறுநாள் காலையில் கடைத்தெருவின் எல்லா விசிறிகளிலும் ஒருநாள் பட்டினிக்கும் சேர்த்து நெத்திலி அடித்தது.

குஞ்சிதபாதம் மூக்குத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். சைவ உணவகம் சைவ உணவகமாகவே இருந்தது. ஒரே ஒரு மாற்றம்தான். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் கடை திறக்கிறவர், இப்போது முதல் பந்திக்கு இலை போடும் முன்னால் கூடத்து விசிறிக்கு நேர் கீழே ஒரு இலை போட்டு, ஒரு கரண்டிச் சோறு வைத்து, தண்ணீர் சுற்றிவிட்டு ஒதுங்கி நிற்கிறார். விசிறி மெதுவாகும். ஒரு வாய் தின்னும் நேரம். பிறகு பழையபடி சுழலும். இலை காலியாக இருக்கும். பூனைகள் அந்த இலையைத் தொடுவதில்லை.

ஐப்பசி முடிவதற்குள் ஒரு மத்தியானம் அமலி மேடத்துக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. யார் எவ்வளவு ஓட்டுகிறார்கள் என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்கும் அதிகாரி.

"மேடம், உங்க யூனிட் தினமும் மத்தியானம் ஒரு நிமிஷம் இறங்குதே. மெஷின்ல ஏதாவது கோளாறா?"

அமலி மேடம் திரையைப் பார்த்தார். இறங்கியிருந்த கோடு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

"கோளாறு இல்ல சார். சாப்பிடப் போயிருந்தாங்க, இப்ப வந்துட்டாங்க."

எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர், "சரி, அந்த ஒரு நிமிஷம் நெய்வேலியை ஏத்தச் சொல்லிடறேன். அவசரப்படாம சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.